குட்டியைத் தூக்கும் முன் தாயைப் பாருங்கள்: முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த ஜாதி வாங்கலாம்?" லாப்ரடார் சாது, ராஜபாளையம் முரடு, பொமரேனியன் ஓயாமல் குரைக்கும், தெரு நாயை நம்ப முடியாது என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் தயாராக இருக்கிறது. அதில் உண்மை கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு குட்டியைத் தேர்ந்தெடுக்க அது போதவே போதாது. "இதன் தாய் எப்படிப்பட்டது? பிறந்ததிலிருந்து இது எங்கே, யார் கையில் இருந்தது?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால், இனத்தின் பெயர் சொல்வதைவிட அதிகம் தெரிந்துவிடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு செய்யவேண்டியவற்றுக்கு வருவோம்.

பிறப்பா, வளர்ப்பா?

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்பது ஒரு கட்சி. "எல்லாம் வளர்க்கிற விதத்தில்தான் இருக்கிறது" என்பது எதிர்க்கட்சி. இரண்டுக்குமே சோதனைச் சான்று இருப்பதுதான் வேடிக்கை.

1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியலாளர், தோலுக்காகப் பண்ணையில் வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். மனிதர் கையை நீட்டும்போது கடிக்காமலும் பதுங்காமலும் நிற்கிறவற்றை மட்டும் தலைமுறைதோறும் பொறுக்கி இணைசேர்த்தார்கள். பயிற்சி எதுவும் கிடையாது. சில தலைமுறைகளிலேயே மனிதரைக் கண்டால் வாலாட்டி, முனகி, கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. முரட்டு நரிகளை மட்டும் பொறுக்கி வேறொரு வரிசையையும் வளர்த்தார்கள். முரட்டுத் தாயின் கருவைச் சாதுவான தாயின் வயிற்றுக்கு மாற்றியும் பார்த்தார்கள். பிறந்த குட்டிகள் பெற்றவளின் குணத்தைத்தான் காட்டின, சுமந்தவளின் குணத்தை அல்ல. பிறப்புக் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டாம்.

அடுத்தது எதிர்க்கட்சியின் சாட்சி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆய்வுக்கூடத்தில், சில குட்டிகளை மனித வாடையே படாமல் வேலிக்குள் விட்டு, பதினான்காவது வாரத்தில் வெளியே எடுத்தார்கள். நல்ல பெற்றோருக்குப் பிறந்த நாய்தான். ஆனாலும் காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு மிரண்டோடியது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்காவது வாரம்வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது, அதன்பின் மெல்ல மூடிக்கொள்கிறது என்ற கருத்து இத்தகைய வேலைகளிலிருந்து வந்ததுதான்.

இனம் எங்கே நிற்கிறது? 2022-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்தது. அவற்றில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டு "மரபே கிடையாது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆய்வில் பல குணங்கள் பெற்றோர் வழி வருவதும் தெரிந்தது. அதாவது இனம் வேறு, பரம்பரை வேறு. ஒரே இனத்துக்குள் பயந்த வம்சமும் இருக்கும், நிதானமான வம்சமும் இருக்கும். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது இனத்தை அல்ல, ஒரு குறிப்பிட்ட தாய் தகப்பனின் பிள்ளையை.

முதல் படி: உங்கள் வீட்டுக்கு எது தோதுப்படும்

இனத்தை அறவே ஒதுக்கச் சொல்லவில்லை. எதற்காக வளர்க்கப்பட்டதோ அந்த வேலை ரத்தத்தில் இருக்கும். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற வேட்டை நாய்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கயிற்றை அவிழ்த்துவிட்டால், தூரத்தில் ஓடும் ஆட்டுக்குட்டி கண்ணில் பட்ட கணத்தில் உங்கள் குரல் அதன் காதில் விழாது. கீழ்ப்படியாமை என்று இதைத் திட்டிப் பயனில்லை. ஆடு, கோழி வளர்க்கிற வீட்டுக்கு இவை தோதுப்படாது. ஓடவிட வேலி போட்ட இடம் இருந்தால் அருமையான நாய்கள். கோம்பை காவலுக்குப் பெயர்போனது, வாரம் நான்கு முறை விருந்தாளி வரும் வீட்டுக்கு இல்லை. ராஜபாளையத்தில் வெள்ளைக் குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாதவையாக இருக்கும். தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காற்றசைவும் தரை அதிர்வும் அதை எட்டாத தூரத்தில் நில்லுங்கள், இல்லையென்றால் ஏமாந்துபோவீர்கள்.

நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். குரைக்கத்தான் செய்யும். பக்கத்துச் சுவரை ஒட்டிய சுவராக முத்தியால்பேட்டைச் சந்தில் குடியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

லாப்ரடாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்குவதோடு தொடர்புடைய பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாததைக் கண்டார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசை அதிகம்; எடையும் அதிகம். ஆகவே "பாவம், பசிக்கிறது போலிருக்கிறது" என்று பாட்டி மூன்றாவது இட்லியைப் போடும்போது, அந்தக் கண்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பயிற்சிக்கு இதுவே சாதகம்: தின்பண்டத்துக்காக எதையும் கற்கும்.

பனிநாட்டு நாயான ஹஸ்கி வேண்டாம். மே மாதக் கடலூரில் அதற்கு ஏசி போட்டு வைப்பதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருக்குட்டியை எடுப்பவர்களுக்கு: நாட்டு நாய் மனிதரை ஒட்டியே, ஆனால் எட்டி நின்று வாழ்ந்து தேறிய பரம்பரை. சட்டென்று கற்றுக்கொள்ளும், நம் வெயிலைத் தாங்கும். வளர்ந்தபின் அந்நியரிடம் ஒதுக்கமும், தன் எல்லை என்ற எண்ணமும் வருவது சகஜம். இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாம் படி: தாய் இருக்கும் வீட்டுக்குப் போங்கள்

சாலையோரம் கூடையில் வைத்து விற்கும் குட்டியை வாங்காதீர்கள். தாய் யார் என்று சொல்ல ஆள் இல்லாத குட்டி அது. பலநேரம் வயதும் பொய்யாக இருக்கும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. விதிக்காக மட்டும் இல்லை. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிகளுக்குக் கடியில் அளவு தெரியாமல் போகும்.

லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் குட்டி இருப்பதாகச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கார அம்மாவிடம், "அக்கா, முதலில் தாயைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். "அதைக் கட்டிப்போட்டிருக்கிறோம், புது ஆளைக் கண்டால் ஆகாது" என்று பதில் வந்தால், அந்த ஒரு வரியிலேயே உங்களுக்கு வேண்டியதில் பாதி இருக்கிறது.

பார்க்க அனுமதித்தால் அவசரப்படாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். துணி துவைக்கும் கல்லருகே படுத்திருக்கும் தாய் எழுந்து இரண்டு முறை குரைக்கிறது. வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. உங்கள் செருப்பை மோப்பம் பிடிக்கிறது, வால் நடுமட்டத்தில் தளர்வாக ஆடுகிறது, ஐந்தாவது நிமிடம் மறுபடி போய்ப் படுத்துவிடுகிறது. இதுதான் நீங்கள் தேடி வந்த தாய். குட்டி ஈன்ற தாய் குரைப்பது குற்றமில்லை. அடங்குகிறதா என்பதைத்தான் கவனிக்கவேண்டும். உடம்பை ஒடுக்கி, வாலைக் காலுக்கிடையில் செருகி, கண்ணின் வெள்ளை தெரிய உங்களையே பார்த்தபடி கடைசிவரை உறுமிக்கொண்டிருந்தால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விடைபெற்று வந்துவிடுங்கள். பயம் இரண்டு வழியில் இறங்குகிறது: மரபணுவில் ஒன்று, தாயைப் பார்த்துக் குட்டி கற்பது இன்னொன்று.

தாயின் வளர்ப்பு எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பற்றி அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்வில், எந்நேரமும் நக்கிச் சீராட்டிய தாய்களின் குட்டிகள் பிற்காலத்தில் பயிற்சியில் அதிகம் தோற்றன. படுத்துக்கொண்டு ஊட்டாமல் நின்றோ உட்கார்ந்தோ பால் கொடுத்த தாய்களின் குட்டிகள், முலையை எட்டிப் பிடிக்கச் சிறிது பாடுபட்டன. அவையே அதிகம் தேறின. செல்லம் கொடுத்துக் கெடுப்பது மனிதருக்கு மட்டும் உரியதில்லை போலும்.

குட்டிகளிடம் ஒரு சின்னச் சோதனை. அவை விளையாடும்போது சற்றுத் தள்ளிச் சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். எல்லாம் திடுக்கிடும். ஒன்று உடனே திரும்பி வந்து சாவியை மோந்து பார்க்கும். ஒன்று சற்றுப் பொறுத்து வரும். ஒன்று மூலையை விட்டு வரவே வராது. முதன்முறை வளர்ப்பவர்கள் நடுவில் இருப்பதை எடுங்கள். முதலில் ஓடிவருவதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். அது பெரும்பாலும் சோபாவையும் சேர்த்துக் கேட்கும். ஒரு நாள் சோதனை ஜாதகம் கணிப்பதாகாது, குட்டியின் குணம் பிறகும் மாறும். ஆனாலும் மூலையை விட்டு வராத குட்டியை அனுபவமுள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பதினான்கு வாரத்துக்குள் ஊரைக் காட்டுங்கள்

எட்டு வாரத்தில் குட்டி வந்தால், உங்கள் கையில் மீதியிருப்பது ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் தடுப்பூசி முடியாத காலமாக இருப்பதுதான் சிக்கல். ஆறிலிருந்து எட்டாவது வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறாவது வாரம்வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். "ஊசியெல்லாம் முடியும்வரை வெளியே விடாதீர்கள்" என்ற அறிவுரை உயிரைக் காப்பாற்றும், குணத்தைக் கெடுக்கும். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதம் தங்கக்கூடியது என்பதால் பயம் நியாயமானது. தீர்வு எளிது: தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

புதுச்சேரியில் இதற்கு வசதி அதிகம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள்; காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி, மடியில் குட்டியோடு கைப்பிடிச் சுவரில் கால்மணி நேரம் உட்கார்ந்தால், தொப்பி போட்டவர், சேலை கட்டியவர், ஊன்றுகோல் வைத்தவர், பலூன்காரர், ஓடும் குழந்தைகள், அலைச் சத்தம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கடலூரில் வெள்ளிக் கடற்கரை, அல்லது திருப்பாதிரிப்புலியூர்த் தேரடித் தெருவில் கூட்டமில்லாத காலை வேளை. மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் அணிந்த ஆளை வீட்டிலேயே காட்டலாம். சிலிண்டர் உருளும் சத்தம், குக்கர் விசில், மிக்ஸி, மீன்காரர் குரல், டவுன் பஸ்ஸின் ஹாரன்: பட்டியலை உங்கள் தெருவைப் பார்த்து நீங்களே போடுங்கள். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காட்டுவது வேறு, திணிப்பது வேறு.

இரண்டும் எப்படிப் பிரியும் என்றால், குட்டியே சொல்லும். வாயில் ஒன்றுமில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கையிலிருக்கும் கோழித் துண்டைத் தின்ன மறுப்பது. கடைசி அடையாளம் மிகத் தெளிவானது. தின்ன மறுத்தால் பத்தடி பின்னால் போங்கள். மறுபடி தின்னத் தொடங்கும் தூரம்தான் அன்றைய பாடத்துக்கான தூரம்.

நான்காம் படி: வேட்டும் இடியும்

சத்தத்துக்குப் பயப்படுவதில் பரம்பரையின் பங்கு தெளிவாகவே உண்டு. அதனால் தீபாவளிக்கு அண்டை வீட்டு நாய் அசையாமல் படுத்திருக்க, உங்கள் நாய் கட்டிலுக்கடியில் நடுங்குவதை உங்கள் வளர்ப்பின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளி மட்டுமா? தேர் இழுத்தால் வேட்டு, சாவு ஊர்வலத்துக்கு வேட்டு, வடகிழக்குப் பருவமழையில் இடி. 2011 டிசம்பரில் 'தானே', 2024 நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' என்று புயல் கரையேறுகிற கரை இது.

குட்டியாக இருக்கும்போதே பதிவுசெய்த வெடிச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். நாட்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் கூட்டுங்கள். ஏற்கெனவே பயந்த நாயாக இருந்தால், வேட்டு நாளில் உள்ளறையில் ஜன்னலை மூடி, மின்விசிறியைப் போட்டு, கூடவே இருங்கள். தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும் என்பார்கள். பயம் அப்படி வளர்வதில்லை, தாராளமாகத் தடவுங்கள். மிகவும் முற்றினால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: உறுமலை அடித்து அடக்காதீர்கள்

சாப்பாட்டுத் தட்டருகே கை போனதும் நாய் உறுமுகிறது. "இப்போதே இரண்டு போடுங்கள், இல்லாவிட்டால் தலையில் ஏறும்" என்று மாமா ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். அடித்தால் உறுமல் நிற்கும். உறுமலுக்குக் காரணமான பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் இறங்கும். இதற்குப் பதிலாக, தட்டருகே நீங்கள் போகும்போதெல்லாம் அதிலிருப்பதைவிட நல்ல ஒன்றைப் போட்டுவிட்டு நகருங்கள். வருகிற கை எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறது என்று நாய்க்குத் தெரியட்டும்.

வாசலில் குட்டைச் சங்கிலி இன்னொரு தொல்லை. கூரியர்க்காரர் வருகிறார், நாய் பாய்கிறது, அவர் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நாயின் கணக்கில் அவரை விரட்டியது தன் குரைப்புதான். நாள்தோறும் வெற்றி. ஓராண்டில் அது தெருவையே மிரட்டும், "இந்த ஜாதியே இப்படித்தான்" என்று ஊர் சொல்லும். வாசலிலிருந்து அவிழ்த்து உள்முற்றத்துக்கு மாற்றி, காலையும் மாலையும் கயிற்றோடு நடத்திக் கூட்டிப்போனால் இதில் பெரும்பகுதி தானே தணியும். சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள். நாய் எவ்வளவு சாதுவானாலும் சரி.

ஆறு மாதத்துக்குப் பிறகு

குட்டிப் பருவத்தில் தெரியாத பரம்பரைக் குணங்கள் இப்போது தலைகாட்டும். எல்லாரிடமும் ஓடிய காவல் நாய்க்குட்டி ஒன்றரை வயதில் கதவருகே நின்று அளவெடுக்கும். நேற்றுவரை கண்டுகொள்ளாத குப்பைத் தொட்டியைப் பார்த்துத் திடீரென்று மிரளும். கற்றதெல்லாம் மறந்துவிட்டதோ என்று தோன்றும்; மறக்கவில்லை. பழகிய பாடங்களைச் சுலபமான இடத்தில் மறுபடி சொல்லிக்கொடுங்கள், புது ஆட்களைக் காட்டுவதை நிறுத்தாதீர்கள்.

வளர்ந்த தெரு நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு அந்தப் பதினான்கு வாரக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். மெல்லத் தட்டினால் சற்றுத் திறக்கும். உங்கள் மீது உயிராக இருக்கும் நாய், உங்கள் சித்தப்பாவைக் கடைசிவரை தூரத்திலிருந்தே பார்க்கலாம். கட்டாயப்படுத்தித் தடவ வைக்காதீர்கள். அணிலைத் துரத்தும் ஆசையைக் கன்னியிடமிருந்து எடுத்துவிட முடியாது, கயிற்றால் சமாளிக்கலாம். பயந்த நாயைக் கல்யாண வீட்டு நாயாக ஆக்க முடியாது, பயத்தைக் குறைக்கலாம்.

கடி நேர்ந்தால், யார் வீட்டு நாயாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்ற வழியில்லை.

நிதானமாக இருந்த வயதுவந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால், மரபையும் வளர்ப்பையும் ஒதுக்கிவிட்டு முதலில் வலியைத் தேடுங்கள்: காது, பல், இடுப்பு. புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம். போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நேரத்தில் சீறியது, யாரிடம், எவ்வளவு தூரத்தில், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, அன்று சாப்பிட்டதா. முடிந்தால் அலைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள்; மருத்துவரின் மேசை மீது ஏற்றியதும் முக்கால்வாசி நாய்கள் பரம சாதுவாகிவிடும்.